பத்து மாத மசக்கை

எனக்கு மசக்கை வந்ததே இல்லை. மூத்தவள் வயிற்றில் இருந்தபோது நான் மாங்காய் கேட்கவில்லை, அடுப்புச் சாம்பலைத் தின்னவில்லை, வாந்தி என்று ஒரு நாள்கூடப் படுக்கவில்லை. என் வீட்டுக்காரர் அதை என்னவோ தன் சாமர்த்தியம் போல நாலு பேரிடம் சொல்லிக்கொண்டார். ஆனால் அறுபதுகளில் தாராவியில் எங்கள் ஒற்றை அறை வீட்டு வரிசையிலேயே அதிக காலம் மசக்கையாக இருந்தவள் யார் என்று கேட்டால், அன்று அங்கே இருந்தவர்கள் என்னைத்தான் கைகாட்டுவார்கள். இரண்டாவது பிள்ளைக்கு இடுப்பு வலி எடுக்கிற வரைக்கும் நான் மசக்கையாகவே இருந்தேன். அது எப்படி என்பதை இப்போது சொல்வதில் எனக்குக் கூச்சம் ஒன்றும் இல்லை.

என் வீட்டுக்காரருக்குத் தோல் ஷாப்பில் வேலை. உப்புப் போட்டு வருகிற மாட்டுத் தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறவைத்து, மயிரை நீக்கி, உள்பக்கம் ஒட்டியிருக்கும் சதையை வளைந்த கத்தியால் வழித்தெடுப்பார். எங்கள் பக்கம் புதிதாக வருகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் பேச்சையே ஆரம்பிப்பார்கள். மாதுங்கா மார்க்கெட்டில் வெண்டைக்காய் பொறுக்கும்போது பக்கத்தில் நிற்கிற அம்மாள் சேலையை இழுத்துக்கொண்டு ஓரடி தள்ளி நிற்பாள். எங்களுக்கோ அந்த நாற்றம் இருப்பதே தெரியாது. அது நின்றபோதுதான் தெரிந்தது. ஒரு நாள் காலையில் கதவைத் திறந்தால் காற்றில் எதுவுமே இல்லை. வரிசையில் இருந்த பெண்கள் எல்லாரும் வெளியே வந்து ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தோம். நல்ல காற்று வீசியதற்காகப் பயந்து நின்ற ஜனம் உலகத்தில் நாங்களாகத்தான் இருப்போம்.

வெளிநாட்டு ஆர்டர் நின்றுவிட்டது என்றார்கள். ஏன் நின்றது என்பதற்கு ரேடியோ வைத்திருந்தவர் ஒரு காரணம் சொன்னார், பேப்பர் படிக்கிறவர் வேறு காரணம் சொன்னார், இரண்டும் இல்லாதவர் கலி முற்றிவிட்டது என்றார். மேஸ்திரி மட்டும் பம்பாயில் எல்லாரும் சொல்கிற இரண்டு சொல்லோடு நிறுத்திக்கொண்டார். "தந்தா மந்தா." வியாபாரம் படுத்துவிட்டது, அவ்வளவுதான். வந்திருந்த தோலெல்லாம் உப்போடு கிடங்கில் அடுக்கிக் கிடந்தது. ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்போது எனக்கு நாலாவது மாதம், மூத்தவளுக்கு மூன்று வயது.

என் வீட்டுக்காரர் ரோஷக்காரர். ரோஷம் என்பது காசு இருக்கிறவர்களுக்கு ஒரு நகை, இல்லாதவர்களுக்கு ஒரு வியாதி என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஒரு பிடி அரிசி கைமாற்று வாங்கக் கூடாது. செம்பூரில் இருந்த அவருடைய பெரியப்பா மகன் வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது. பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி குழம்பு வாங்கினால்கூட, "நம்ம வீட்ல அடுப்பு எரியலன்னு ஊருக்குத் தமுக்கு அடிக்கியா?" என்பார். கெட்டவர் இல்லை. குடி கிடையாது, கை நீட்ட மாட்டார். வேலை தேடி வடாலா, கோவண்டி என்று நடந்தே போய்விட்டுச் சாயங்காலம் திரும்பிவந்து, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். அந்தச் சுவரில் பார்க்க ஒன்றுமே கிடையாது என்பதை நான் சத்தியம் செய்வேன்.

ரேஷனில் அரிசி கண்ணில் காட்டினார்கள், கையில் கோதுமையைப் போட்டார்கள். அமெரிக்காவிலிருந்து வந்த சிவப்புக் கோதுமை. திருநெல்வேலிக்காரிக்குச் சப்பாத்தி இடத் தெரியுமா? புட்டு அவித்தேன். கூரையில் எறிந்தால் ஓட்டை விழும். அதையும் வரிசைப்படிதான் தின்றோம். முதலில் அவர், பிறகு பிள்ளை, கடைசியில் சட்டியும் நானும். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, யாரும் மாற்றவும் இல்லை. நான் தின்றேனா என்று அவர் கேட்பார். ஆச்சு என்பேன். கேட்டதோடு அவர் கடமை முடிந்தது, சொன்னதோடு என் கடமை முடிந்தது.

ஐந்தாவது மாதம் நகரசபைப் பிரசவ விடுதிக்குப் போனேன். அங்கே ஒரு மலையாளத்து நர்ஸ். என் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். பார்த்த கையோடு இன்னொரு நர்ஸைக் கூப்பிட்டுக் காட்டினாள். எனக்கு அது பிடிக்கவில்லை.

"ரத்தம் இல்லா. ஒட்டும் இல்லா," என்றாள். "நீ என்ன கழிக்குன்னு?"

சாப்பிடுவதைத்தான் கேட்கிறாள் என்று புரிந்துகொண்டு, "கோதும்ப," என்றேன்.

சுவரில் ஒரு படம் மாட்டியிருந்தது. கொழுகொழுவென்று ஒரு கர்ப்பிணி சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவளைச் சுற்றி ஈரல், முட்டை, கீரை, பால், கருப்பட்டி, நிலக்கடலை. நர்ஸ் ஒரு குச்சியை எடுத்து ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டி, இதைச் சாப்பிடு, இதைச் சாப்பிடு என்றாள். எனக்கு என்னவோ நகைக்கடைக் கண்ணாடிக்கு வெளியே நிற்பது போல இருந்தது. படத்தில் இருந்தவளைப் பார்த்து, ஒனக்கென்னட்டி, ஒன் புருஷனுக்கு வேலை இருக்கு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

ஆனால் திரும்பி நடக்கும்போது சிரிப்பு வரவில்லை. போன மழைக்காலத்தில் எங்கள் வரிசையின் கடைசி அறைக்காரி பிரசவத்துக்குப் போனவள் திரும்பி வரவில்லை. அவளுக்கும் இப்படித்தான் கண் வெளுத்திருந்தது, அவளிடமும் இப்படித்தான் ரத்தம் இல்லை என்றார்கள். அவள் பிள்ளைகளை ஊரிலிருந்து சித்தி வந்து கூட்டிக்கொண்டு போனாள். என் கையைப் பிடித்துக்கொண்டு மூத்தவள் நடந்து வந்தாள். எனக்குச் சாகப் பயமாக இருந்தது. வேறு எப்படியும் சொல்லத் தெரியவில்லை. நான் செத்தால் இவளுக்கு அந்தச் சுவரைப் பார்க்கிற மனுஷர் மட்டும்தான் மிச்சம்.

பக்கத்து அறையில் இருந்த முஸ்லிம் அக்காவை நாங்கள் எல்லாரும் லாத்தா என்றுதான் கூப்பிடுவோம். அவளுடைய வீட்டுக்காரர் மாஹிமில் இறைச்சிக் கடையில் வேலை பார்த்தார். எந்த மந்தாவிலும் ஆடு ஆடாகத்தானே இருக்கிறது. மறுநாள் மத்தியானம் லாத்தா ஈரல் வறுத்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பிறந்ததிலிருந்தே ஈரல் ஆகாது. ஆனாலும் என் கால் என்னைக் கேட்காமல் அவள் வாசலில் போய் நின்றது.

லாத்தா ஏறிட்டுப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள், வயிற்றைப் பார்த்தாள்.

"என்ன புள்ளே, மசக்கையா?"

ஒரு வினாடி யோசித்தேன். "ஆமா லாத்தா," என்றேன்.

அந்த ஒரு சொல்லில் என்ன இருக்கிறது என்பது எங்கள் பெண்களுக்குத் தெரியும். மசக்கைக்காரி வாய்விட்டுக் கேட்டதை இல்லை என்று சொல்லக் கூடாது. சொன்னால் பிறக்கிற பிள்ளைக்குக் காதில் சீழ் வடியும். எந்தச் சாதி, எந்த மதமானாலும் தெற்கே இதில் மாற்றுக் கருத்து கிடையாது. அதுவும் எங்கள் வரிசையில் இது வெறும் நம்பிக்கை இல்லை, ஒரு போலீஸ் ஸ்டேஷன். ஏதாவது ஒரு பிள்ளைக்குக் காது வடிந்தால் உடனே பெண்கள் கூடி, "யாரு இல்லன்னா? யாரு வீட்ல கேட்ட?" என்று விசாரணை வைப்பார்கள். தாய் யார் பெயரைச் சொல்கிறாளோ அவள் அதன் பிறகு குழாயடியில் நிமிர்ந்து நிற்க முடியாது. கடன் கேட்டால் இல்லை என்று சொல்லலாம், பிச்சை கேட்டால் விரட்டலாம். மசக்கைக்காரியிடம் மட்டும் வாலாட்ட முடியாது. அது வாங்குகிறவளுக்கு வெட்கம் இல்லை, கொடுக்காதவளுக்குத்தான் வெட்கம்.

லாத்தா ஈரலைத் தட்டில் வைத்துக் கொடுத்தாள். கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினேன். என் வீட்டுக்காரரின் ரோஷத்துக்கு ஒரு கீறல் விழவில்லை.

பிறகு திட்டம் போட்டேன். யார் வீட்டில் என்ன இருக்கிறது என்பது ஒரு வரிசையில் குடியிருக்கிறவளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முருங்கை வைத்திருந்தவளிடம் கீரைக்கு ஆசை வந்தது. ஊரிலிருந்து அண்ணன் வந்து இறங்கிய வீட்டில் கருப்பட்டிக்கு ஆசை வந்தது. கடலைக்காரன் பெண்டாட்டியைப் பார்த்ததும் கடலைக்கு ஆசை வந்தது. புளியங்காய், மாங்காய், நார்த்தங்காய் என்று ஒரு வார்த்தை நான் கேட்கவில்லை. நர்ஸின் சுவர்ப்படத்தில் இருந்ததை மட்டும், ஒன்று மாற்றி ஒன்றாக, ஒரே வீட்டில் அடுத்தடுத்து வராமல் கேட்டேன். இவ்வளவு ஒழுங்கான மசக்கையை உலகம் கண்டிருக்காது.

மாதம் ஏற ஏறக் கேலி ஆரம்பித்தது. மசக்கை நாலு மாதத்தோடு தீர்ந்துவிடும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியுமே.

"என்னட்டி, ஏழு மாசத்துலயுமா மசக்க?" என்று முருங்கைக்காரி கேட்டாள்.

"என்ன செய்ய மதினி? பிள்ள மந்தம். ஆறப்போட்டு ஆசப்படுது," என்றேன். அவள் சிரித்துவிட்டாள், கீரையும் ஒடித்துக் கொடுத்தாள். அவளுக்குத் தெரியும். எல்லாருக்கும் தெரியும். தெரியாதது போல இருப்பதுதான் அன்றைக்கு அவர்களால் முடிந்த உதவி.

ஆனால் ஒரு சங்கடம். மூத்தவள் என் சேலையைப் பிடித்துக்கொண்டு கூடவே வருவாள். நான் தின்னும்போது எதிரில் நின்று என் வாயைப் பார்ப்பாள். அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். இவள் அழவே மாட்டாள். கேட்கவும் மாட்டாள். என் கை தட்டிலிருந்து வாய்க்குப் போவதையும் திரும்பி வருவதையும் அவள் கண் மட்டும் தொடரும். ஒரு நாள் ஈரலில் பாதியை முந்தானையில் ஒதுக்கியபோது லாத்தா பிடித்துவிட்டாள்.

"அது மசக்கச் சோறு. பங்கு வைக்கக் கூடாது, ஏளா. ஒன் வவுத்துல உள்ளதுக்குத்தான் குடுத்தேன். முழுக்கத் தின்னுட்டு எந்திரி."

அவள் சொன்னதில் கஞ்சத்தனம் இல்லை. என் கண்ணையும் அவள் பார்த்திருந்தாள், செத்துப்போன கடைசி அறைக்காரியையும் அவள்தான் குளிப்பாட்டியிருந்தாள். அன்றிலிருந்து அவள் முன்னால் உட்கார்ந்து முழுவதையும் தின்ன வேண்டியதாயிற்று. பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டு தின்றேன். அவளுக்கு ஒரு தாய் மிஞ்ச வேண்டுமென்றால் அவள் எதிரிலேயே தின்றாக வேண்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஈரல் அதனால் ஒன்றும் ருசித்துவிடவில்லை.

இதற்குள் மற்ற வீடுகளும் விழித்துக்கொண்டன. வரிசையில் பாதிக்கு மேல் தோல் ஷாப் குடும்பங்கள்தான். எல்லா அடுப்பும் ஒரே மாதிரிதான் எரிந்தது, அல்லது எரியவில்லை. அம்மை பரவுவது போல மசக்கை பரவியது. நேற்றுத் தாலி கட்டிக்கொண்டவளுக்கு மசக்கை. பேரன் எடுக்கப் போகிறவளுக்கு மசக்கை. ஒருத்தி வயிற்றைத் தடவிக்கொண்டு லாத்தா வாசலில் போய் நின்றபோது, லாத்தா விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "ஒம் மாப்பிள ஊருக்குப் போயி ஒரு வருசம் ஆச்சே புள்ளே, தபால்லயா வந்துச்சு?" என்றாள். வரிசையே சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள். சிரித்து முடித்ததும் லாத்தா அவளுக்கும் கொஞ்சம் எலும்பு ரசம் ஊற்றிக் கொடுத்தாள்.

வேலை இருந்த வீடுகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவர்கள் எத்தனை மசக்கையைத்தான் தாங்குவார்கள்? ரயில்வே ஒர்க்‌ஷாப்காரர் பெண்டாட்டி இரண்டு வருஷத்துக்கு முன்னால்தான் எங்கள் வரிசைக்குக் குடிவந்தவள், கோழி வளர்த்தாள். நான் முட்டைக்குப் போய் நின்றபோது, "கோழி அடையில இருக்கு," என்று கதவைச் சாத்திவிட்டாள். அந்த நேரம் பார்த்து அவள் கோழி முட்டையிட்ட பெருமையில் கூரைமேல் ஏறிக் கொக்கரித்தது. குழாயடியில் நின்ற எல்லாரும் கேட்டார்கள். எல்லாரும் அதை மனதில் முடிந்து வைத்துக்கொண்டார்கள்.

லாத்தாவின் வீட்டுக்காரருக்கும் கடையில் பாதி நாள்தான் வேலை என்றாகிவிட்டது. ஜனங்களிடம் காசு இல்லாவிட்டால் ஆட்டுக்கும் ஆயுசு கெட்டி. ஈரல் நின்றது. எட்டாவது மாதம் எனக்குக் கால் வீங்கியது. நாலு எட்டு நடந்தால் கண் இருட்டியது. படத்தில் மிச்சமிருந்தது பால் ஒன்றுதான். பாலுக்கு ஆசைப்பட ஒரு வீடுதான் மிச்சமிருந்தது, அது முதலாளி வீடு.

தோல் ஷாப் முதலாளியும் எங்கள் ஜில்லாக்காரர்தான். குடும்பம் மாஹிமில் மாடி வீட்டில் இருந்தது. முதலாளியம்மாவின் மூத்த மகனுக்குச் சின்ன வயதில் காது வடிந்ததும், அவர்களுடைய கொழுந்தன் பெண்டாட்டி ஒரு துண்டு வஞ்சிரத்தை இல்லை என்று சொன்னதுதான் அதற்குக் காரணம் என்பதும் தாராவி முழுக்கத் தெரியும். ஏனென்றால் அந்த அம்மாளே பார்க்கிற எல்லாரிடமும் சொல்வார்கள். மசக்கைக்காரி யாரையும் வெறுங்கையோடு அனுப்ப மாட்டார்கள் என்ற பெயரும் அவர்களுக்கு இருந்தது. மூத்தவளைக் கையில் பிடித்துக்கொண்டு, உட்கார்ந்து உட்கார்ந்து நடந்து, அந்த மாடி ஏறினேன்.

"வா புள்ள. மூச்சு வாங்குதே, உக்காரு. என்ன வேணும்? வெக்கப்படாமக் கேளு," என்றார்கள்.

பால் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். இன்றைக்கு ஒரு தம்ளர் பால் கிடைக்கும். நாளைக்கு? மறுநாள் இன்னொரு மாடி ஏறக் காலில் பலம் இல்லை, ஆசைப்பட வேறு வீடும் இல்லை. எனக்குத் திடீரென்று எல்லாம் அலுத்துப்போனது. ஈரல், முட்டை, கீரை எதுவுமே எனக்கு வேண்டியதில்லை. எனக்கு வேண்டியது வேறு.

"எனக்குத் தோல் நாத்தம் வேணும்," என்றேன்.

"எது?"

"தோல் ஷாப் நாத்தம்மா. சுண்ணாம்புத் தொட்டி நாத்தம். மூக்கு அதக் கேக்குது. எத்தன மாசமாச்சு."

சொன்னதும் அழுகை வந்துவிட்டது. அதில் நடிப்பு இல்லை. கதவைத் திறந்ததும் அந்த நாற்றம் வர வேண்டும், அவர் கையெல்லாம் சுண்ணாம்புப் புண்ணோடு வந்து சோற்றுக்கு உட்கார வேண்டும், நான் ஒரு தட்டில் எனக்கென்று போட்டுத் தின்ன வேண்டும். என் ஆயுசில் எனக்கு வந்த ஒரே உண்மையான மசக்கை அதுதான்.

முதலாளியம்மா சிரிக்கவில்லை. மண்ணைத் தின்கிற மசக்கைக்காரி உண்டு, மண்ணெண்ணெயை மோந்து பார்க்கிறவள் உண்டு. இதுவும் இருக்கக்கூடியதுதான் என்று எடுத்துக்கொண்டார்கள். உள்ளே முதலாளி கணக்குப்பிள்ளையோடு பேசிக்கொண்டிருந்தார். அம்மா கதவருகே போய் நின்றுகொண்டு பேசினார்கள். எனக்கு எல்லாம் கேட்டது.

"ஆர்டர் இல்லாம தோலத் தொட்டியில எறக்கச் சொல்றியா? ஒனக்குப் பைத்தியமா?"

"உப்புல கெடந்து அழுகப் போற தோலுதான? மழ வரப் போவுது. ஒரு தொட்டி எறக்குங்க."

"ஒருத்தி மோந்து பாக்கவா?"

"நாளைக்கு அந்தப் பிள்ளைக்குக் காது வடிஞ்சா ஊரு யாரு பேரச் சொல்லும்? எம் பேரையா சொல்லும்? ஒங்க பேரத்தான் சொல்லும். நம்ம மகனுக்கு வடிஞ்சத பாத்தீங்கள்ல?"

முதலாளி கணக்குப்பிள்ளையிடம் மேஸ்திரியைக் கூப்பிடச் சொன்னார். அமெரிக்காவும் ரஷ்யாவும் அசைக்காத தோல் வியாபாரம் அந்த அம்மாளின் இடுப்பில் வைத்த கையில் அசைந்தது. போகும்போது எனக்கு ஒரு தம்ளர் பாலும் கொடுத்தார்கள். அம்மா நின்று பார்த்துக்கொண்டிருந்ததால் முழுவதையும் நானே குடித்தேன்.

இரண்டொரு நாளில் மேஸ்திரி வந்து ஆட்களைக் கூப்பிட்டார். எல்லாரையும் இல்லை, ஒரு தொட்டிக்கு எத்தனை பேர் வேண்டுமோ அத்தனை பேரை. என் வீட்டுக்காரரும் அதில் ஒருவர். பிறகு ஒரு காலையில் கதவைத் திறந்தேன். வந்துவிட்டது! மயிர் ஊறுகிற அந்த அழுகல் நாற்றம் சந்து சந்தாக நுழைந்து வந்து மூஞ்சியில் அடித்தது. பெண்கள் வெளியே வந்து கோயில் சாம்பிராணியை இழுப்பது போல இழுத்தார்கள். நானும் ஆசை தீர இழுத்தேன். இழுத்துவிட்டுச் சாக்கடையோரம் உட்கார்ந்து குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தேன். பழக்கம் விட்டுப்போயிருந்தது. "இப்பத்தான் இவளுக்கு நெச மசக்க," என்று லாத்தா என் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

அன்றைக்கு அவர் வேலையிலிருந்து வந்து மறுபடி சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். அங்கே ஆட்கள் அவரை ஓட்டியிருக்கிறார்கள். உன் பெண்டாட்டி வயிற்றில் இருப்பது பிள்ளை இல்லை, மேஸ்திரி என்று.

"வீடு வீடா போயிருக்க," என்றார்.

"ஆமா."

"பிச்சைக்கு."

"மசக்கைக்கு," என்றேன். "ஒங்க ரோஷத்த நான் தொடவே இல்ல. அது அந்தச் செவத்துலயேதான் இருக்கு, பாத்துக்கிடுங்க."

சோறு போட்டு வைத்தேன். அன்றைக்கு அரிசிச் சோறு. பாதி தின்றுவிட்டுத் தட்டை என் பக்கம் தள்ளினார். "ஆச்சான்னு கேக்க மாட்டேன். தின்னு, பாக்கேன்," என்றார். நான் தின்று முடிக்கும் வரை எதிரில் உட்கார்ந்திருந்தார். மூத்தவளை மடியில் வைத்துக்கொண்டு அவளுக்கும் ஊட்டினார்.

அந்தத் தோல் முடிந்ததும் தொட்டி மறுபடி காய்ந்தது. ஒரு மசக்கைக்கு ஒரு தொட்டிதானே. ஆனால் நான் பிரசவ விடுதிக்குப் போனபோது நர்ஸ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, கொறச்சு பரவாயில்லை என்றாள். ரத்தம் நிறையப் போயிற்று. இரண்டு நாள் எனக்கு நினைவே சரியில்லை. கண் விழித்தபோது பக்கத்தில் எலிக்குஞ்சு மாதிரி ஒரு பையன், ஆனால் தொண்டை மட்டும் மேஸ்திரி தொண்டை. நான் இருந்தேன். கடைசி அறைக்காரியை நினைத்துக்கொண்டு, நான் இருக்கிறேன், நான் இருக்கிறேன் என்று வெகு நேரம் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் என் சொத்து பறிபோனது தெரிந்தது. மசக்கை முடிந்துவிட்டதே! பிள்ளை வயிற்றில் இருக்கிறவரை ஊரே அதற்குக் கடமைப்பட்டிருந்தது. வெளியே வந்து விழுந்த நிமிஷம் அது அப்பன் பாடு. அதோடு பத்தியம் வேறு. பெற்றவள் இதைத் தின்னக் கூடாது, அதைத் தின்னக் கூடாது, சுட்ட பூண்டும் ரசமும் போதும் என்பார்கள். இல்லாத வீட்டுக்கு இதைவிட வசதியான வைத்தியம் கிடையாது. மார்பில் பால் போதவில்லை. பையன் கத்தினான். கத்தியதால் அவனைத்தான் எல்லாரும் கவனித்தோம்.

மூத்தவள் கத்தவில்லை. அவள் பாட்டுக்குக் கோதுமைக் கஞ்சியைக் குடித்துவிட்டு மூலையில் இருந்தாள். வயிறு மட்டும் முன்னால் வந்திருந்தது, கை கால் குச்சியாகிவிட்டது. மழை பிடித்துக்கொண்டது. கூரை ஒழுகியது. அவளுக்குச் சளி, காய்ச்சல். ஒரு காலையில் பார்த்தால் இடது காதிலிருந்து தலையணை வரைக்கும் மஞ்சளாக வடிந்திருந்தது.

சேதி குழாயடிக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்? பெண்கள் அறைக்குள்ளும் வாசலிலுமாக நிறைந்துவிட்டார்கள். விசாரணை ஆரம்பித்தது.

"யாருட்டி இல்லன்னா?" என்றாள் முருங்கைக்காரி. எல்லாரும் மெதுவாக ரயில்வேக்காரர் பெண்டாட்டி பக்கம் திரும்பினார்கள்.

அவள் முகம் செத்துப்போனது. "நான் இந்தப் பிள்ளைக்கா இல்லன்னேன்? நான் இல்லன்னது அந்தப் பயலுக்கு! இவ வயித்துல இருந்தப்ப நான் இங்க குடியே வரலியே!" என்று கத்தினாள். நியாயமான பேச்சு. பையனின் காதோ சுத்தமாக இருந்தது.

"அப்ப யாரு? சொல்லு புள்ளே," என்றாள் லாத்தா.

மூத்தவள் என் மடியில் தலையைச் சாய்த்திருந்தாள். காதில் துணியை வைத்து ஒற்றிக்கொண்டிருந்தேன். அவள் வயிற்றில் இருந்தபோது தோல் ஷாப் நன்றாக நாறிக்கொண்டிருந்தது. நான் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை, எதற்கும் குறைவில்லை. எனக்குக் கோபம் வந்தது. அந்தப் பெண்கள் மேல் இல்லை. வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு ஒரு சட்டம் வைத்து, மூன்று வயதுப் பிள்ளைக்கு ஒன்றும் வைக்காமல் போன ஏதோ ஒரு புத்திசாலி மேல்.

"யாரும் இல்லன்னு சொல்லல லாத்தா," என்றேன். "இவளுக்குன்னு யாருமே யாருட்டயும் கேக்கல."

பெண்கள் ஒவ்வொருத்தியாக எழுந்து போனார்கள். நான் பேசியது தப்போ என்றுகூட நினைத்தேன்.

காது பிறகு மருந்து விட்டு ஆறியது. இன்றைக்கும் அவளுக்கு அந்தக் காது மந்தம்தான். மாமியார் பேசும்போது அந்தப் பக்கத்தைக் காட்டி உட்கார்ந்து அவள் நன்றாகவே குடும்பம் நடத்திவிட்டாள்.

ஆனால் அன்றைக்கு நடந்தது இன்னும் கொஞ்சம் இருக்கிறது. மத்தியானம் வாசலில் நிழல் தட்டியது. லாத்தா நின்றாள். அவளுக்குப் பின்னால் முருங்கைக்காரி, அவளுக்கும் பின்னால் ரயில்வேக்காரர் பெண்டாட்டி, முந்தானைக்குள் எதையோ பொத்திப் பிடித்தபடி. லாத்தா என்னைப் பார்க்கவே இல்லை. உள்ளே வந்து மூத்தவள் முன்னால் குந்தி, அவளுடைய நல்ல காதின் பக்கமாகக் குனிந்து கேட்டாள்.

"ஏளா, சொல்லு. ஒனக்கு என்ன மசக்க?"

மூத்தவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, எத்தனையோ மாதமாக மனப்பாடம் செய்து வைத்திருந்தவள் போல ஆரம்பித்தாள். "ஈரல். முட்ட. கீர. கருப்பட்டி. கடல. பாலு."